ஒரு கட்டம் தள்ளி

புத்தூரில் டூவீலர் நிறுத்த இடம் பிடிப்பது வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசலுக்குள் நுழைகிற மாதிரி. இன்றைக்கு என்னவோ உங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே இடம் கிடைத்தது. சனிக்கிழமை காலையில் வரச் சொன்னதற்கு முதலில் நன்றி, டாக்டர். வழக்கமாகப் பேஷண்ட் வீட்டுக்காரர்களை நீங்கள் சாயங்காலம்தானே வரச் சொல்வீர்கள்.

மேஜைமேல் இரண்டு படங்கள் வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் இருப்பது ஒரே தாள். போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ப்ரியம்வதாவைப் பார்க்க நான் வார்டுக்கு வருவதற்கு முன்னால் உங்கள் போனில் எடுத்தது ஒன்று. நான் போன பிறகு எடுத்தது மற்றொன்று. முதல் படத்தில் கணக்குக்கு விடை ஒன்பது. இரண்டாவதில் பத்து. மனநல மருத்துவருக்கு இந்தப் போலீஸ் வேலையெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். முழுதாகக் கேட்டால் என் பக்கம் இருக்கிற நியாயம் உங்களுக்கே புரியும்.

நான் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோல் பார்க்கிறேன். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அனுப்புவார்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவனுக்குப் பற்றவைப்பில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ப்ரியம்வதாவும் கெமிக்கல் இன்ஜினியர்தான். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சொந்தக்காரர்கள் எல்லாரும், பையனும் கெமிக்கல், பெண்ணும் கெமிக்கல், இதைவிட என்ன பொருத்தம் வேண்டும் என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டு கெமிக்கலை ஒரே பாத்திரத்தில் ஊற்றும்முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

எம்.டெக் படிக்கவும் அரசாங்கக் கம்பெனிகளில் வேலைக்குப் போகவும் 'கேட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் நான் அதை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் மாஸ் டிரான்ஸ்ஃபர் என்னைக் கவிழ்த்தது. கலந்து கிடக்கிற பொருள்களை எப்படிப் பிரிப்பது என்று சொல்லித்தருகிற பாடம் அது. கலந்ததைக் கலந்தபடி விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போகட்டும்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் ப்ரியம்வதாவின் தம்பி தேசிக் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் அதே படிப்பு, கடைசி வருஷம். என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான். இரண்டு திரவங்கள் கலந்திருக்கின்றன. ஒரு கோபுரத்துக்குள் விட்டுக் கொதிக்க வைத்துப் பிரிக்க வேண்டும். கோபுரத்துக்குள் எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்பது கேள்வி. கிராஃப் தாளில் மேலே ஒரு வளைகோடு, கீழே ஒரு நேர்கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி வரைந்துகொண்டே இறங்கி, படிகளை எண்ணினால் விடை வந்துவிடும். நான் வரைந்து, எண்ணி, பதினொன்று என்றேன்.

சமையலறையில் சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"பத்துதான். அடியில கொதிக்க வைக்கற பாத்திரமே ஒரு தட்டுக்குச் சமமாச்சே. அதை நீங்க கழிக்கலையே."

தேசிக் விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அத்திம்பேர், அக்கா சொல்றதுதான் கரெக்ட்," என்றான். சிரித்தான். அவளும் சிரித்தாள். என் அம்மா செண்பகவல்லி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு மட்டும்தான் தெரியும். அவளும் கூடவே சிரித்துவைத்தாள். நானும் சிரித்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மனசு பற்றி எரிந்தது, இருந்தாலும் சிரித்தேன். அது மட்டுமல்ல, 'இவ்வளவு தெரிகிறதே, நீயே கேட் எழுதேன்' என்று சொன்னதும் நான்தான். பொறாமைக்காரன் அப்படிச் சொல்வானா?

அவள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டாள். பெண்களிடம் பேச்சுக்கு ஒன்று சொல்ல முடிவதில்லை.

தில்லை நகரில் கோச்சிங் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அங்கே சுவர் முழுக்கப் பாஸானவர்களின் தலைகளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஃபெயிலானவர்களின் தலைகளை ஒட்டுவதென்றால் தில்லை நகரில் சுவர் போதாது. வீட்டிலேயே நான் இருக்கிறேன், நீ போட்டுவை, நான் திருத்தித் தருகிறேன் என்றேன். பேனா வேண்டாம், பென்சிலால் போடு, தப்பு வந்தால் அழிக்க வசதி என்றும் சொன்னேன். அப்போது நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

காலையில் தளிகை, அம்மாவுக்குப் பணிவிடை, எனக்கு டிபன் பாக்ஸ் எல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் உட்கார்ந்து போடுவாள். சாயங்காலம் பெருமாளைச் சேவிக்கக் கோயிலுக்குப் போவாள். அந்த நேரத்தில் நான் உட்கார்ந்து திருத்துவேன். எல்லாம் சரியாக இருந்தது, டாக்டர். மறுநாளும் சரி. அதற்கு மறுநாளும் சரி. என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பத்துக் குழாய் பார்த்துப் பத்திலும் விரிசல் இல்லையென்றால் எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். குறையே இல்லையென்றால் பரிசோதிக்கிறவனுக்கு எதற்குச் சம்பளம்?

அன்றைக்கு ஒரு கணக்கில் அந்த நேர்கோட்டை அழித்துவிட்டு, ஒரு சின்னக் கட்டம் தள்ளிப் போட்டேன். ஒரே ஒரு கட்டம். படிகளையும் அதற்கேற்ப வரைந்தேன். ஒரு தட்டு கூடிவிட்டது. மற்ற கணக்குகள் இன்னும் சுலபம். மூன்றை எட்டாக்க இரண்டு வளைவு போதும். ஒன்றை ஏழாக்க ஒரு கொம்பு போதும். அவள் கையெழுத்து வேறு குழந்தை எழுத்து மாதிரி உருண்டையாக இருக்கும், பழகுவது கஷ்டமில்லை.

கோயிலிலிருந்து வந்தவளிடம் தப்பைக் காட்டினேன். திட்டவில்லை. என் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்ததுண்டா என்று அவளையே கேட்டுப்பாருங்கள்.

"நான் சரியாத்தானே போட்டேன். நன்னா ஞாபகம் இருக்கே," என்றாள்.

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்," என்றேன்.

பிறகு தினமும் ஒன்று. பேராசைப்படவில்லை. மற்றவை சரியாக இருந்தால்தான் தப்பானதைப் பார்த்து அவள் பயப்படுவாள். முதலில் கவனக்குறைவு என்றாள். பிறகு தூக்கம் போதவில்லை என்றாள். ஆடி மாசம் வாக்கில், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் நான் ஆபீசிலிருந்து வந்ததும், கேஸை அணைத்தேனா என்று பார்த்துச் சொல்லுங்கோ என்றாள். அணைத்துத்தான் இருந்தது. அதற்கப்புறம் கதவைப் பூட்டினேனா, குழம்புக்கு உப்புப் போட்டேனா, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேனா என்று எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது, டாக்டர். மறைப்பானேன். கல்யாணமாகி அதுவரைக்கும் அவள் என்னை எதற்காகவும் அப்படிப் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முன்னால் அவளை உங்களிடம் அழைத்து வந்தேன். பொறுப்பில்லாத புருஷன் என்றால் வேப்பிலை அடித்து விபூதி போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பான். நீங்கள் மாத்திரை எழுதினீர்கள். அதைப் போட்டதும் பகலில் தூங்கினாள், பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது, கை லேசாக நடுங்கியது. அந்தப் பால் பொங்கியதில் எனக்குச் சம்பந்தமே இல்லை. செய்யாததற்கெல்லாம் நான் பொறுப்பேற்க முடியாது.

அவள் அதோடு விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதே இல்லை. தப்பு வருகிறது, மறக்கிறது, கை நடுங்குகிறது. வேறு யாராயிருந்தாலும் புஸ்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பார்கள். இவள் எனக்குத் தெரியாமல் தேசிக்கை விட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஒரே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், அதிலும் தப்பாக வந்தால் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன் என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

இங்கேதான் நீங்கள் என் இக்கட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தேர்வு கம்ப்யூட்டரில். விடையை அங்கேயே தட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அது வீட்டுக்கு வராது. சாயங்காலம் வரை மேஜைமேல் கிடக்காது. நான் தொட முடியாது. அவள் போட்டது போட்டபடியே போய்ச் சேரும். சேர்ந்தால் மார்க் வரும். மார்க் வந்தால் தன் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவள் ஒவ்வொரு தாளாக யோசிக்க ஆரம்பிப்பாள். அவள் நிம்மதி என்ன ஆவது? அதனால் அவள் அந்த ஹாலுக்குப் போகக் கூடாது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் உங்களுக்குப் போன் செய்து, கொள்ளிடம் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று குதிக்கப் போகிறேன் என்றாள் என்று சொன்னேனே, அது நடக்கவில்லை. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த மாசத்தில் கொள்ளிடத்தில் குதித்தால் மணலில்தான் விழ வேண்டும். திருச்சியிலேயே இத்தனை வருஷமாக பிராக்டிஸ் பண்ணுகிறீர்கள், தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. அன்றைக்கே அட்மிட் பண்ணிவிட்டீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் தேர்வுக்குப் போக மாட்டார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

வார்டில் அவளுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்தது யார்? உங்கள் நர்ஸ் அற்புதம்மாளா? பொழுதுபோகட்டும் என்று கொடுத்தாராம். நல்ல மனசு. இங்கே வந்ததிலிருந்து ஒரு கணக்குகூடத் தப்பவில்லை, வீட்டில் மட்டும் ஏன் டாக்டர் ராத்திரிக்குள் மாறிவிடுகிறது என்று அவள் உங்களிடம் கேட்டிருக்கிறாள். நீங்கள் உடனே படமெடுக்கப் போனைக் கையில் எடுத்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பிளாஸ்க்கில் சாத்தமுது கொண்டு வந்தேன். டம்ளரைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். கட்டில்மேல் அந்தத் தாள் இருந்தது. விடை ஒன்பது. சரியான விடை. தேர்வுக்குத்தான் போகப்போவதில்லையே, சும்மா விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்குக் கை. சட்டைப் பையில் ரப்பர் இருந்தது. எப்போதும் இருக்கும்.

ஆமாம், நான்தான் அழித்தேன். ஒரு வருஷமாக நான்தான் அழித்தேன். அவளுக்கு எந்த வியாதியும் இல்லை என்று தெரிந்தேதான் உங்களிடம் அழைத்து வந்தேன், தெரிந்தேதான் மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுத்தேன், தெரிந்தேதான் இங்கே சேர்த்தேன். எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். அவளிடம் இதைச் சொல்லாதீர்கள். உங்கள் மருந்தில் குணமாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் பெயர், அவளுக்கும் சந்தோஷம். இன்றைக்கே அழைத்துக்கொண்டு போகிறேன். அம்மா இந்த வயசில் தனியாகத் தளிகை பண்ணிக்கொண்டு கிடக்கிறாள். வார்டில்தானே இருக்கிறாள், நான் போய்ப் பார்க்கட்டுமா?

என்ன சொன்னீர்கள்?

"அவங்க வார்டுல இல்லீங்க. காலைல ஏழு மணிக்கே தம்பி வந்து எக்ஸாம் சென்டருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்காகத்தான் உங்களை இந்த நேரத்துக்கு வரச் சொன்னேன்."

மணி ஒன்பதே முக்கால். ஆரம்பித்திருப்பார்கள்.

டாக்டர், தயவுசெய்து உடனே போன் பண்ணுங்கள். அவளை வெளியே அழைத்து வரச் சொல்லுங்கள். அவள் தாங்க மாட்டாள். நீங்கள் அவளை வார்டில் வைத்து மூன்று வாரமாகத்தான் பார்க்கிறீர்கள். ஒரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தாளைத் திருத்தியவன் சொல்கிறேன். அவளால் முடியாது. அவள் போடுகிற கணக்கு தப்பாகத்தான் வரும். என் இரண்டு கண்ணாலும் தினமும் பார்த்திருக்கிறேன்.