ரகுபதியின் படகுக்குச் சார்ஜிங் பாயின்ட்

கடலில் போகிற படகுக்குச் சார்ஜிங் பாயின்ட் வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. வீட்டுச் சுவரில் செய்கிற வேலைதான். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், பின்னால் ரப்பர் வாஷர் போட வேண்டும், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. ஒரகடத்துப் பக்கம் என் வேலையைக் குறை சொன்னவர்கள் கிடையாது.

என் பெயர் அருள்பாண்டி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வடக்குப்பட்டில் சாம்சன் அண்ணனின் ஃபைபர் பட்டறையில் எலக்ட்ரீஷியன். தண்ணீர் டேங்க், பஸ் சீட், கம்பெனி மெஷினுக்குக் கவர், இவைதான் எங்கள் பிழைப்பு. 2013இல் ஒரு பாய்மரப் படகுக்கு ஆர்டர் வந்ததும் பட்டறையே சிரித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கன்டெய்னர் லாரி ஓடுகிற ஊரில் படகா என்று நானும் சிரித்தேன். ஆர்டர் கொடுத்தவர் காரை விட்டு இறங்கியதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ரகுபதி.

உங்களுக்கு அவர் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர். எனக்கு அவர் இருங்காட்டுக்கோட்டை லேடீஸ் ஹாஸ்டல் முதலாளி. என் தங்கை தங்கமாரி அங்கே தங்கித்தான் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குப் போனாள். பெண்கள் விடிய விடிய போன் பேசிவிட்டு லைனில் தூங்கி விழுகிறார்கள் என்று, அறைகளில் இருந்த பிளக் பாயின்ட்டை எல்லாம் கொத்தனாரை விட்டுப் பூசி அடைத்தவர் அவர். சார்ஜ் போட வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறைக்குப் போக வேண்டும். ஒரு வியாழக்கிழமை தங்கமாரிக்கு வயிற்று வலி வந்தது. வார்டன் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கூட இருந்தவர்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். அவள் போன் செத்துக் கிடந்தது. பைக்கை எடுத்தால் போய்ச் சேர்கிற தூரத்தில்தான் நான் இருந்தேன். குடல்வால் வெடித்துச் செத்தாள்.

பிணவறை வாசலில் ரகுபதி என் தோளைத் தட்டினார். "இன்னாப்பா பேசுற? போன்ல சார்ஜ் இருந்தா மட்டும் பொழச்சிருக்குமா? விதிப்பா" என்றார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. பட்டறைக்கு வந்தபோது அவர் என் முகத்தைக்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லை.

படகைப் பார்க்க வந்தவர் என்னிடமே சொன்னார்: "எங்க குந்தினாலும் கைக்கெட்டுற மாதிரி ஒரு பாயின்ட் இருக்கணும்ப்பா. போன் இல்லாட்டி என் பொண்ணுக்குச் சோறே எறங்காது." மகள் சுகப்பிரியாவும் வந்திருந்தாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. தன் படுக்கையின் தலைமாட்டில் ஒன்று வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினாள்.

"ஆட்டும்மா, வச்சுத் தாரேன்" என்றேன். வைத்தும் கொடுத்தேன்.

மூடிகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. பின்னால் வாஷர் மட்டும் எதிலும் போடவில்லை. சார்ஜிங் பாயின்ட்டுக்கென்று தனி பேட்டரி வைப்பதுதான் முறை. நான் எஞ்சின் பேட்டரியிலிருந்தே லைன் இழுத்தேன். தண்ணீர் இறங்கினால் சார்ஜும் போகும், எஞ்சினும் போகும். சாம்சன் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது, அவரை அலைக்கழிக்காதீர்கள். கடைசியாக, எங்கள் தொழில் வழக்கப்படி, போர்டின் மேல் என் பெயரும் செல் நம்பரும் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினேன். கரண்ட் நின்றால் ஜனங்கள் வேறு யாரையும் யோசிக்க மாட்டார்கள், ஸ்டிக்கரைத்தான் பார்ப்பார்கள்.

ரகுபதியும் அப்படித்தான் பார்த்தார். ஐப்பசியில் ஒரு விடுமுறை நாள், மகளைக் கூட்டிக்கொண்டு கோவளத்திலிருந்து கிளம்பியிருக்கிறார். பாயின்ட் இருக்கிற தைரியத்தில் காலையிலிருந்து எல்லாப் போனிலும் பாட்டும் படமும் ஓடியிருக்கின்றன. மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"அருள்பாண்டியா? இன்னாப்பா வேல செஞ்சிகீற? ஒரு பாயின்ட்டும் எடுக்கல, எஞ்சினும் ஸ்டார்ட் ஆவல. காத்தே இல்ல, படகு உள்ள இழுத்துகினு போவுது. இந்த ஒரு போன்லதான் கொஞ்சம் சார்ஜ் கீது."

நான் பதறவில்லை. "சார், வேற யாருக்கும் போன் போட்டுச் சார்ஜ வீணாக்காதீய. கோஸ்ட் கார்டுக்கு நான் சொல்லுதேன். போன மட்டும் அணைச்சுராதீய, அத வச்சுத்தான் கண்டுபிடிப்பாவ" என்றேன்.

"நீ நல்லா இருப்பப்பா" என்றார். அதைக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நான் கடலோரக் காவல் படைக்கும் சொல்லவில்லை, வேறு யாருக்கும் சொல்லவில்லை. வடக்குப்பட்டு முக்கில் டீ குடித்தேன். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தூறல் விழத் தொடங்கியபோது அதே நம்பர் மறுபடி அடித்தது. இந்தத் தடவை பிள்ளை.

"அங்கிள், அப்பா பாயைப் புடிச்சிட்டு இருக்காரு. அலை பெருசு பெருசா வருது. கோஸ்ட் கார்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சும்மா. கிளம்பிட்டாவளாம்."

"அம்மாவுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டா?"

"வேண்டாம்மா, சார்ஜ் போயிரும்."

"சரி அங்கிள்" என்றாள்.

சதுரங்கப்பட்டினத்து மீனவர்கள் கவிழ்ந்த படகை இழுத்து வந்ததும், ரகுபதி கடைசியாகப் பேசியது யாரிடம் என்று விசாரித்து நீங்கள் என்னிடம் வந்ததும் உங்களுக்கே தெரியும். இரண்டு பேரையும் கொன்றது நான்தான். தங்கமாரி பட்டதை அவர் பட வேண்டும் என்று செய்தேன். மறுபடி வாய்த்தாலும் செய்வேன். ஆனால் அந்தப் பிள்ளை மேல் எனக்கு எள்ளளவும் கோபம் கிடையாது, ஐயா. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.