அண்ணி ஏறினா மினுங்குது

...கோளாறே இல்லையாம் தம்பி! அந்த கரண்ட்டு கார் ஷோரூம்காரரு லேப்டாப்ப மாட்டி, கண்ணாடிய மூக்குல ஏத்திவிட்டுக்கிட்டு அப்படியே பாக்கறாரு. பாத்துட்டு, ‘வண்டி தங்கமா இருக்கும்மா’ங்கறாரு. தங்கமா இருந்தா டேஷ்போர்டு லைட்டு ஏன் இந்த மினுங்கு மினுங்குது? ஸ்பீடு காட்டற எடம் மினுங்குது, பேட்டரி எவ்வளவு இருக்குன்னு காட்டற எடம் மினுங்குது, பிரேக் படம், பெல்ட் படம், ஆமை படம்... ஆமாங்க, ஆமை! இனிமே மெதுவாத்தான் போவேன்னு வண்டி சொல்றதுக்கு ஒரு ஆமை வரும்ல? அது வந்து வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது!

நீங்க பானெட்டுக்குள்ள பாருங்க, நீங்க பாருங்க. நான் பாட்டுக்குச் சொல்லிட்டிருக்கேன்.

இதுல கூத்து என்னன்னா, நான் தனியா ஓட்டினா மினுங்காது. எங்க வீட்டுக்காரர் ஓட்டினாலும் மினுங்காது. அண்ணி ஏறினா மட்டும் மினுங்கும்! அண்ணின்னா அவரோட அக்கா. அதோ, பிளாஸ்டிக் சேர்ல நமக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்காங்களே... மெல்லமாப் பேசுவோம்.

நானும் அவங்களும் ஒரே கண் ஆஸ்பத்திரில வேலை தம்பி. நான் கண்ணாடி குடுக்கற கவுண்டர், அவங்க மாடில கணக்குப் பிரிவு. தெனம் என்கூடத்தான் வருவாங்க. காலைல வருவாங்க, பின்சீட்ல ஏறுவாங்க, கதவ டமார்னு சாத்துவாங்க பாருங்க... லாரிக் கதவு தோத்துது! நாங்கல்லாம் தூங்கற குழந்தைய எழுப்பிடாத மாதிரி சாத்துவோம். அவங்க சாத்தினா தெரு நாயே எந்திரிச்சு எடம் மாறிப் படுக்கும். உடனே இங்க மினுக்கு மினுக்கு மினுக்கு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் விடாது.

எங்க வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வீட்டுக் கரண்ட்டு வீக்குன்னாரு. வண்டி சார்ஜ் ஏறும்போது ஃபிரிட்ஜ நிறுத்துன்னாரு. நிறுத்தினோம். பால் திரிஞ்சுது, மாவு பொங்கிப் பூனைக்குப் போச்சு, லைட்டு அப்படியேதான் மினுங்குது. அப்புறம் அக்காகிட்டதான் ஏதோ இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. வாட்ச்ச கழட்டு, கொண்டை ஊசிய கழட்டு, கைப்பைய வெளிய வை... எக்ஸ்ரே எடுக்கப் போற மாதிரி! அவங்களும் பொறுமையா எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு ஏறி டமார்னு சாத்தினாங்க. மினுக்கு மினுக்கு!

அப்ப நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கே... ‘அண்ணி, உங்க உடம்புலயே ஏதோ கரண்ட்டு ஓடுது’ன்னுட்டேன். வெளையாட்டாத்தான் தம்பி! அவங்க உடனே ஊசிய எடுத்துக் கொண்டையில குத்திக்கிட்டு எறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டாங்க. அன்னிலேர்ந்து பஸ்ஸுதான். கேன்டீன்ல என்னப் பாத்தா தட்ட எடுத்துட்டு வேற டேபிளுக்குப் போயிடறாங்க. நான் வண்டி கத்துக்கும்போது பக்கத்துல உக்காரத் துணிஞ்ச ஒரே ஆள் அவங்கதான், தெரியுமா? எங்க வீட்டுக்காரரே வாசல்ல நின்னு கை காட்டிட்டு உள்ள போயிட்டாரு.

இன்னிக்குக்கூட, ‘நீங்க வந்தாத்தான் மெக்கானிக்குக்கு மினுங்கிக் காட்டும்’னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். வழி பூரா ஜன்னலயே பாத்துட்டு வந்தாங்க. லைட்டு மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிச்சு.

என்னது, என்னது? எத ஆட்டறீங்க? சின்ன பேட்டரியா? அது தெரியுமே! வண்டிய ஓட்டற பெரிய பேட்டரி அடியில இருக்கு, இது லைட்டுக்கும் பாட்டுக்கும். அய்யோ, வயரு இப்படி லொடலொடன்னு ஆடுது! கம்பெனில சரியா முடுக்காம அனுப்பிட்டாங்களா? கேக்க ஆளில்லயா இவங்கள?

யாராவது கழட்டினாங்களான்னா... கழட்டினது நாந்தான். வண்டில மணி தப்பாக் காட்டிச்சு தம்பி. சின்ன பேட்டரி வயர ஒரு நிமிஷம் கழட்டி மாட்டினா சரியாயிடும்னு வீடியோல ஒருத்தர் சொன்னாரு. கழட்டினேன், மாட்டினேன். முடுக்கறதா? கையாலதான் முடுக்கினேன். கெட்டியா முடுக்கணும்னு அவரு சொல்லிருக்கணுமில்ல? இல்ல... முழுசாப் பாக்கல. நடுவுல விளம்பரம் வந்துச்சு, மூடிட்டேன்.

ஏன் சிரிக்கிறீங்க?

ஓ... அவங்க அறைஞ்சு சாத்தும்போது அதிர்ந்து இது நகந்துக்குதா? அப்புறம் வழியெல்லாம் ஆடிட்டே வருதா? நாங்க மெல்ல சாத்தறதுனால... ஓஹோ. அப்ப அவங்க உடம்புல...

தம்பி. தம்பி, ஒரே ஒரு உதவி. இது கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிடுங்க. பெரிய கோளாறு, யாருக்கும் புரியாதுன்னு... மாட்டீங்களா? தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க! சரி, விடுங்க. முடுக்கிட்டீங்களா? நல்லா முடுக்குங்க. இன்னொரு திருப்பு.

அண்ணி! அண்ணி, இங்க வாங்களேன். உங்க மேல ஒண்ணுமில்லயாம். வயர நாந்தான் சரியா மாட்டல. ஆமா, நாந்தான். எத்தன தடவ சொல்லச் சொல்வீங்க? நாந்தான், நாந்தான்! இவரும் கேட்டுட்டாரு, போதுமா? ஏறுங்க. ஏறி உங்க இஷ்டத்துக்குக் கதவச் சாத்துங்க, நான் லைட்டப் பாக்கறேன்...

அம்மாடி!

தம்பி, பாத்தீங்களா? அசையவே இல்ல! கல்லு மாதிரி நிக்குது! அண்ணி சிரிக்கறாங்க பாருங்க, சிரிச்சுட்டாங்க! அண்ணி, இனிமே நீங்க முன்சீட்லதான்... அண்ணி, உங்க கையில என்ன அது?

கதவுக் கைப்பிடியா?

இல்ல இல்ல, நான் ஒண்ணும் சொல்லலயே! கையிலயே வச்சுக்கோங்க அண்ணி. தம்பி... அந்த பானெட்ட அப்புறம் மூடிக்கலாம். அப்படியே இந்தக் கதவுப் பக்கம் வாங்க.