ரெண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை

— நில்லாத உஷாந்தி. இன்னும் ஒரு கம்பம்தான். அந்த லைட் கம்பத்தைத் தொட்டிட்டு நட.

— ஏலாது மச்சாள். நெஞ்சு வாயால வருது.

— நேற்று மூண்டு கம்பம் நிக்காம ஓடினனீ. இண்டைக்கு ஒண்டிலயே குந்தப் பாக்கிறாய்.

— நேற்று நேற்றுத்தானே. இண்டைக்குக் கால் எழும்புதில்லை.

— சரி, நட. குந்தினா உடம்பு குளிர்ந்துபோகும், பிறகு ஓட்டம் வராது. அந்த யூடியூப் பிள்ளை என்ன சொன்னவள்? ரெண்டு கம்பம் ஓடு, ஒரு கம்பம் நட. புதுசா ஓடத் தொடங்கிற ஆக்களுக்கு அவ்வளவும் காணுமாம்.

— அந்தப் பிள்ளைக்கு இருபது வயசு. எனக்கு நாற்பத்தாறு. அவளுக்கு மறீன் டிரைவ் உப்புக்காத்தும் தெரியாது, என்ட முழங்காலும் தெரியாது.

— எனக்கு அம்பத்திமூண்டு. நானும்தானே உன்னோட ஓடுறன்? எனக்கு நிறையைக் குறை எண்டு ஆரும் சொன்னவையோ? என்ட ரத்தம் என்ட மனுசன், உன்ட கொண்ணருக்குப் பொருந்தியிருந்தா நானே என்ட கிட்னியைக் குடுத்திட்டு இருந்திருப்பன். நீ வீட்டில கிடந்து நித்திரை கொள்ளலாம்.

— தெரியும் மச்சாள்.

— தெரிஞ்சா நட. இண்டைக்குத்தான் கடைசி நிறுவை. எழுபது கிலோவுக்குக் கீழ வந்தாத்தான் உன்னை ஒப்பரேசன் தியேட்டருக்கு எடுப்பன் எண்டு டொக்டர் புவாத் முகத்துக்கு நேர சொல்லிட்டார். இண்டைக்கும் இறங்கேல்லையெண்டா உன்ட பைலை மூடிப்போட்டு வேற ஆளைத் தேடட்டாம். நான் ஆரைப் போய்த் தேடுறது? உன்னை விட்டா ஆருடையதும் பொருந்தேல்லை.

— நடக்கேக்கயும் இதைத்தான் சொல்றீங்கள், ஓடேக்கயும் இதைத்தான் சொல்றீங்கள்.

— வேற என்னத்தைச் சொல்ல? எனக்கு விளங்காத ஒரு விஷயம் இருக்கு. மூண்டு மாசமாச் சோறு பாதி, பால் தேத்தண்ணி இல்லை. கன்னம் ஒட்டிப்போச்சு. சட்டையெல்லாம் தொளதொள எண்டு கிடக்கு. ஆனா கிளினிக்கில போய்த் தராசில ஏறினா நேர்ஸ் பேர்ணடெற் ஒவ்வொரு முறையும் எழுபத்திமூண்டு எண்டுதான் எழுதுறா. அந்தத் தராசு பழுதோ தெரியேல்லை.

— இருக்கும்.

— என்னா அனுஷியா தங்கச்சி, இன்னக்கி ரெண்டு பேரும் மெதுவாப் போறீங்க?

— அட, மீரா சாஹிப் நானா. உஷாந்திக்கு இண்டைக்கு ஏலாதாம்.

— ஏலாட்டி கொஞ்சம் குந்திட்டுப் போங்க, கடல் எங்கயும் போவாது. நவம் முதலாளி எப்பிடி ஈக்கார்?

— முந்தநாள் டயலிசிஸ். நேற்றுக் கேக்காமக் கடையில போய்க் குந்திக்கொண்டு இருந்தவர். இண்டைக்குத் திரும்பவும் கொண்டுபோகோணும்.

— அவர் இல்லாட்டி எங்களுக்கு அந்தக் கடைக்குப் போவ மனசு வருதில்ல தங்கச்சி. எல்லாரும் எலக்ட்ரோனிக் தராசு வச்சிட்டாங்க, அவர் மட்டும் அந்தப் பழைய இரும்புப் படிக்கல்ல விடல்ல. முப்பது வருஷமா சாமான் வாங்குறேன், ஒரு கிராம் குறைஞ்சதில்ல. வெக்கத்த விட்டுச் சொல்றேன், ஆரம்பத்துல ஊட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பாத்தவன் நான். அல்லாஹ் அவருக்கு ஆயுசக் குடுப்பான். நீங்க போங்க, வெயில் வர முந்தி ஓடுங்க.

— கேட்டியே உஷாந்தி? ஊரே அவருக்காகக் கும்பிடுது. வா, ரெண்டு கம்பம்.

— ம்.

— கையை வீசி ஓடு. ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு ஓடுறாய்?

— பிடிப்பு.

— ரெண்டு பக்கமுமோ பிடிப்பு? பொறு. என்ன சத்தம் அது?

— எது?

— நீ கால் வைக்கேக்க வருது. இரும்பில இரும்பு முட்டிற மாதிரி.

— வீட்டுத் திறப்புக் கோர்வையா இருக்கும்.

— திறப்பு என்ட கையில கிடக்கு. நீதானே தந்தனீ. நில். நில்லெண்டு சொல்றன்.

— மச்சாள், சனம் பாக்குது.

— பாக்கட்டும். டீசேட்டைத் தூக்கு. என்ன இது, பழஞ்சீலையைச் சுத்தி வைச்சிருக்கிறாய்?

— தொடாதேங்கோ.

— கல்லு. படிக்கல்லு. ரெண்டு கிலோக் கல்லு, ரெண்டு. கடவுளே, இதைக் கட்டிக்கொண்டோ நீ தராசில ஏறினனீ?

— ஓம்.

— ஒவ்வொரு முறையும்?

— ஓம் மச்சாள்.

— இப்பவும் இதைக் கட்டிக்கொண்டுதான் ஓடினனீயோ?

— ஓடி முடிய நேர கிளினிக்குக்குப் போவம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். பிறகு கட்ட நேரமிருக்காது.

— நான் இனி என்னத்தைச் சொல்ல? விருப்பமில்லையெண்டா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. கோவிச்சிருப்பன், நாலு நாள் கதைக்காம இருந்திருப்பன், அவ்வளவுதான். நாலரைக்கு எழும்பி, அந்த மனுசனுக்குக் கஞ்சி வைச்சு மூடிப்போட்டு, உன்ட கேற்றடியில வந்து நிக்கிறன். மூண்டு மாசம் என்னைப் பேய்க்காட்டியிருக்கிறாய்.

— வேணுமெண்டு செய்யேல்லை.

— தா இஞ்சால. தூக்கிக் கடலுக்க எறியிறன். கொஞ்சம் பொறு. அடியில ஈயத்தில முத்திரை கிடக்கு. இது போன வருசம் நான் ஓட்டோவில கொண்டுபோய், நிறுவை அளவைக் கந்தோரில குத்திக்கொண்டு வந்த கல்லெல்லோ? எங்கட கடைக் கல்லு.

— ஓம்.

— கடை பூட்டேக்க அவர் இதுகளைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் எழும்புவார். பெட்டித் திறப்பு அவற்ற இடுப்பில கிடக்கும், நித்திரையிலயும் கழட்டமாட்டார். உன்னட்ட எப்பிடி வந்தது?

— நான் களவெடுக்கேல்லை.

— அப்ப?

— அண்ணா தந்தவர்.

— என்ன சொல்றாய்?

— எழுபத்திரெண்டுக்கு இறங்கின உடன கூப்பிட்டு முதல் ஒரு கிலோவைத் தந்தவர். பிறகு நான் இறங்க இறங்கக் கூட்டித் தந்தவர். கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரம் நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் பாத்து, அரிசி மூட்டை நிறுக்கிற தராசில என்னை ஏத்துவார். எழுபத்திமூண்டுக்கு எவ்வளவு குறையுதோ அவ்வளவு கல்லை எடுத்துத் தருவார். தரேக்க என்ட முகத்தைப் பாக்கமாட்டார்.

— அந்த மனுசனோ? தராசில பொய் சொல்ல அந்த மனுசனுக்குக் கை வந்ததோ?

— வந்தது மச்சாள். 'உன்ட பெட்டைக்குத் தேப்பனும் இல்லை, நீ ஒருத்திதான். உனக்கு ஏதும் நடந்தா நான் உன்ட கிட்னியை வைச்சுக்கொண்டு எப்பிடி உயிரோட இருக்கிறது? எனக்கு அம்பத்தெட்டு வயசு காணும்' எண்டு சொன்னவர். உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியமும் வாங்கினவர்.

— அவருக்குக் காணும். எனக்குக் காணுமோ எண்டு என்னட்ட ஒருக்காக் கேட்டவரோ?

— இதில குந்துங்கோ மச்சாள்.

— நீ ஏன் பிறகு ஓடினனீ? கல்லு இருக்குத்தானே. வீட்டில கிடந்திருக்கலாமே.

— நீங்கள் இருட்டோட சுடுதண்ணிப் போத்தலையும் பிடிச்சுக்கொண்டு கேற்றடியில நிப்பீங்கள். வரேல்லை எண்டு எப்பிடிச் சொல்றது? உங்களுக்காக ஓடினன், அண்ணாவுக்காகக் கல்லைக் கட்டினன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நான் களைச்சுப்போனன்.

— கல்லில்லாம எவ்வளவு?

— அறுபத்தொன்பது. ரெண்டு கிழமையா.

— பயமோ?

— பயம்தான். வெட்டுவினம் எண்டு பயம். அண்ணா போயிடுவார் எண்டு அதைவிடப் பயம்.

— எனக்கும் இருக்கு. உன்னை இழுத்துக்கொண்டு போய் உனக்கு ஒண்டு நடந்தா, உன்ட பெட்டையின்ட முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரை இல்லை. வெளியில சொல்லேல்லை, அவ்வளவுதான். எழும்பு, ஏழு மணிக்கு நம்பர் எடுக்கோணும். இந்தா உன்ட கல்லு. கட்டுறதும் விடுறதும் உன்ட விருப்பம். கட்டிக்கொண்டு ஏறினாலும் நான் பக்கத்தில நிண்டு வாய் திறக்கமாட்டன்.

— சத்தியமாவோ?

— சத்தியமா. எனக்கும் இனி ஓடேலாது உஷாந்தி.

— அப்ப இதை நீங்களே பிடியுங்கோ. உங்கட பையில போடுங்கோ. பின்னேரம் அண்ணா கேட்டா, தராசு இண்டைக்குச் சரியாக் காட்டிப்போட்டுது எண்டு சொல்லுங்கோ.