அந்தச் சத்தம் என்னுடையது

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் முதல் தாளில் தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தெட்டு. நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்தெருவில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள இடத்தில் மனைவியுடன் வசிக்கிறேன். மைக் செட் வாடகைக்கு விடுவது தொழில். பொதுக்கூட்டம், கடைத் திறப்பு, விளையாட்டுப் போட்டி, காணாமல் போனவர் பற்றிய அறிவிப்பு, எதுவானாலும் என் செட்தான் போகும். ஊரில் என்னைக் கரகரா என்று கூப்பிடுவார்கள். என் செட்டில் கரகரவென்று சத்தம் வருவதால் வந்த பெயர் என்று காரணமும் சொல்வார்கள். அது பொறாமையில் வைத்த பெயர். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரவில்லை. நானே நடந்து வந்தேன்.

சென்ற கோடையில் பெரிய நகரத்தின் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்துப் பலர் இறந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்த் துணிக்கடைக்காரரின் மருமகனுக்கு அதில் ஒரு கால் போனது. வெடி வைத்தவனிடம் அகதி அட்டை இருந்தது என்று ஒரு செய்தி வந்தது, அந்த அட்டையே போலி என்று மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. அதற்கு முன்பே எங்கள் ஊரில் ஏழெட்டு அகதிக் குடும்பங்கள் இருந்தன. மூடிக் கிடக்கும் நூல் மில்லின் குடியிருப்பில் மேலும் நாற்பது குடும்பங்களை வைக்க ஏற்பாடாகியிருந்த சமயத்தில்தான் குண்டு வெடித்தது. அதன் பிறகு ஊர் இரண்டாகிவிட்டது. டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எதிரெதிர் பெஞ்சுக்குப் போனார்கள். எனக்கு இதில் தனிக் கருத்து எதுவும் இல்லை. இரண்டு பக்கத்தாரும் கூட்டம் போட்டார்கள், இரண்டு பக்கத்துக்கும் என் செட்தான் போனது.

தற்போது காவலில் உள்ள நபர், இனி மேற்படி நபர் என்று எழுதப்படுபவர், முதலில் வந்த அந்த ஏழெட்டுக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் மனைவியோடும் சின்னப் பெண்ணோடும் இருக்கிறார். ரேடியோ, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, எதைக் கொடுத்தாலும் பழுது பார்ப்பார். நம் பேச்சை இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்டவர், யோசித்து யோசித்து மெதுவாகப் பேசுவார். ஊர்க்காரர்கள் அவருக்குத் தங்கக்கை என்று பெயர் வைத்தார்கள். இருபது வருடமாகத் தொழில் செய்யும் எனக்குக் கரகரா, நேற்று வந்தவருக்குத் தங்கக்கை. நான் இங்கே அவன், இவன் என்றுதான் சொல்லி வருகிறேன். என் வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி அதை அவர் என்று எழுதிக்கொள்கிறார். அரசாங்கத் தாளில் அப்படித்தான் எழுத வேண்டுமாம். என் மனைவியை அவள் என்று சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

அறிவிப்புகளை எல்லாம் என் மனைவிதான் பேசுவாள். தண்ணீர் வராத நாள், வரி கட்டக் கடைசி நாள், தடுப்பூசி முகாம், எல்லாம் கல்யாணமான புதிதிலிருந்து அவள் குரல்தான். மில் குடியிருப்பு பற்றி நகராட்சி மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு நான் வெளியூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது ஆம்ப்ளிஃபையர் ஊமையாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் அதைத் தூக்கிக்கொண்டு அந்தச் சைக்கிள் கடை மாடிப்படி ஏறியிருக்கிறாள். நான் திரும்பி வந்து தெருமுனையில் இறங்கியபோது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது. குழாய் பழுது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல குரல். யாரையோ புதிதாக வேலைக்கு வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடைக்குள் போனேன். என் மனைவிதான் மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இதுதாங்க என் குரல். இத்தனை வருஷமா எனக்கே தெரியாது" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் என்றே எழுதவா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். வேறு நல்ல சொல் இருந்தால் அவரே போட்டுக்கொள்ளட்டும்.

அதன் பிறகு வீட்டில் எதை எடுத்தாலும் தங்கக்கை பேச்சாகவே இருந்தது. மின்விசிறி முனகினால் தம்பியைக் கூப்பிடலாமா என்பாள். எனக்கு இருமல் வந்தால்கூடத் தம்பியிடம் காட்டச் சொல்வாளோ என்று பயமாக இருந்தது. அவர்களுக்குள் தவறாக எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவள் அவரைத் தம்பி என்பாள், அவர் இவளை அக்கா என்பார். அவர் மனைவியும் என் மனைவியும் சேர்ந்து கடைக்குப் போவார்கள். தவறாக ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். ஒரு மத்தியானம் அவள் இல்லாதபோது ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தேன். நான் வருடக்கணக்கில் ஒட்டுப்போட்டு வைத்திருந்ததை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்திருந்தார். உள்ளே தூசிகூட இல்லை. மூடிவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை நகராட்சி மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மில் குடியிருப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்று அன்று பேசி, மறுநாள் மன்றத்தில் ஓட்டெடுப்பதாக இருந்தது. மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை. நான் மேடைக்கு இடப்பக்கம் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் துணிக்கடைக்காரர் பேசினார். மருமகனின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொன்று இனி யாருக்கு வேண்டும் என்று கேட்டார். பலர் அழுதார்கள். அடுத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை பேசினார். ஒருவன் செய்ததற்கு நாற்பது குடும்பத்தைத் தண்டிப்பது என்ன நியாயம் என்றார். பின்வரிசையிலிருந்து உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சத்தம் வந்தது. என் வீட்டில் இடமிருந்தால் வைத்துக்கொள்வேன் என்று அந்த அம்மா சொல்ல, கூச்சல் அதிகமானது.

அதன் பிறகு அகதிகள் சார்பில் மேற்படி நபரைப் பேசக் கூப்பிட்டார்கள். என் மனைவி எழுந்து போய் மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்தினாள். பிறகு கைக்குட்டையால் அதைத் துடைத்தாள். எத்தனையோ கூட்டத்தில் நான் மைக் சோதித்திருக்கிறேன், எனக்காக ஒரு தடவை துடைத்தது கிடையாது. அவர் குரல் சன்னமானது என்பதால் சத்தத்தைக் கூட்டச் சொல்லி எனக்குச் சைகை காட்டினாள். நான் முழுவதும் கூட்டி வைத்தேன்.

அவர் மைக்குக்கு அருகில் வந்து நின்றார். பிறகு, "எங்க ஊர்லயும் ஒரு பஸ் ஸ்டாண்ட் இருந்துச்சு" என்றார்.

மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. துணிக்கடைக்காரர்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கல்நெஞ்சன் இல்லை. அப்போது எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், சவுண்டு கண்ணாடி மாதிரி இருக்கு பார், தங்கக்கை கை வச்சது என்றார். திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளை மேடையில் பேசுவதைப் பார்ப்பது போல வாயை லேசாக அசைத்துக்கொண்டிருந்தாள். உடனே என் கை ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விட்டது. அதில் செருகியிருந்த மைக் ஒயரின் பின்னைப் பிடுங்கினேன். அவர் குரல் நின்று போக வேண்டும், ஊமை மாதிரி வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். சத்தத்தைக் குறைக்காமல் பின்னைப் பிடுங்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அன்று மறந்துவிட்டது.

இரண்டு ஒலிபெருக்கிப் பாக்ஸிலும் டமார் என்று வெடிச்சத்தம் எழுந்தது. யாரோ குண்டு என்று கத்தினார்கள். அதன் பிறகு கூட்டம் ஒரே வாசலை நோக்கி ஓடியது, நாற்காலிகள் சரிந்தன, தபால் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணின் கை ஒடிந்தது, தலைமையாசிரியை மிதிபட்டார். மேற்படி நபரும் முன்வரிசையில் இருந்த அவருடைய ஆட்களும் மட்டும் ஓடவில்லை. சத்தம் கேட்ட நொடியிலேயே தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அவருடைய சின்னப் பெண்கூட யாரும் சொல்லாமலே காதைப் பொத்திக்கொண்டு படுத்தது. என் மனைவியை அவர்தான் கீழே இழுத்திருக்கிறார். அவள் தலைமேல் அவர் கை இருந்தது. நான் கையில் பின்னோடு நின்றுகொண்டிருந்தேன். போய் அந்தக் கையை எடுத்துவிட வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகு காவல்துறையினர் வந்தார்கள். இவர்கள் மட்டும் எப்படி உடனே படுத்தார்கள், முன்னாடியே தெரிந்திருந்தால்தானே என்று பலர் சொன்னார்கள். செட்டை யார் கடைசியாகப் பழுது பார்த்தது என்று கேட்டபோது நான் அவரைக் கைகாட்டினேன். அது பொய் இல்லை. ஆனால் அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவரையும் என் செட்டையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டெடுப்பு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அவரைக் குடும்பத்தோடு நாடு கடத்த வேண்டும், மில்லுக்கு யாரும் வரக் கூடாது என்று மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். என் கடைக்கும் வந்தார்கள். படிக்கக் கண்ணாடி இல்லை, கையெழுத்தைப் பிறகு போடுகிறேன் என்றேன்.

ஓட்டெடுப்பு தள்ளிப்போனதை அறிவிக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து ஆள் வந்தது. கடையில் கிடந்த பழைய செட்டை எடுத்து வைத்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மைக்கைத் தொடவில்லை. கூட்டத்திலிருந்து வந்த நாளிலிருந்தே அவள் என்னோடு பேசவில்லை, அன்று பேசினாள். "நீங்க ஏன் ஓடல?" என்று மட்டும் கேட்டாள். சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

அப்போதும் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். நேற்று முடிவெட்டிச் சவரம் செய்துகொள்ளப் போனேன். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன், நான் யாரென்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அகதி ஏதோ தனிக் கருவியைப் பண்ணி ஆம்ப்ளிஃபையருக்குள் வைத்திருக்கிறான், என்ன மூளை, என்ன கைவேலை என்று ஒருவர் வியந்துகொண்டிருந்தார். அது கரகராவின் வேலையாகவும் இருக்கலாமே என்று முடிவெட்டுபவர் மெல்லச் சொன்னார். அதற்கு முதலில் பேசியவர், "யாரு, கரகராவா? அவன் செட்டுல அப்படி ஒரு சத்தம் வருமாய்யா?" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முடிவெட்டுபவரும் சிரித்தார், கத்தி கன்னத்தில் பட்டுவிட்டது. அந்தக் காயம் அதிகாரியிடம் காட்டப்பட்டது.

என் செட், என் கை, பின்னைப் பிடுங்கியவன் நான். அதையும் தங்கக்கை பேரில் எழுதிவிட்டார்கள். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து இங்கே வந்தேன்.

நான் சொன்னதை அதிகாரி முதலில் நம்பவில்லை. மேற்படி நபரைக் காப்பாற்ற யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டார். ஆகவே செய்து காட்ட அனுமதி கேட்டேன். கைப்பற்றப்பட்ட ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு பாக்ஸ்களையும் இந்த அறையிலேயே இணைத்து, முழுச் சத்தத்தில் வைத்துப் பின்னைப் பிடுங்கினேன். அதே சத்தம் வந்தது. பக்கத்து அறையிலிருந்த காவலர் மேசைக்கு அடியில் போய்விட்டார். அதை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நான் சொன்னதால் எழுதப்படுகிறது.

பழைய நிலையில் இருந்த செட்டிலும் இதே சத்தம் வருமா என்று அதிகாரி கேட்டார். வராது என்றேன். டொப் என்று ஒரு சத்தம் வந்திருக்கும், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பழுது பார்த்த செட் என்பதால் உள்ளே போனதை அப்படியே வெளியே தள்ளியது. சத்தம் என்னுடையது, அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது அவருடைய வேலையால். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே தனிக் கருவி எதுவும் கிடையாது, நானே திறந்து பார்த்திருக்கிறேன். அதைவிடச் சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

என் மனைவி இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறாள். இரண்டு சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்திருக்கிறாள். ஒன்று யாருக்கு என்று எனக்குத் தெரியும். இன்னொன்று எனக்காக இருக்கலாம், கேட்கவில்லை. நாளை மன்றத்தில் ஓட்டெடுப்பு. அதற்குள் இந்த விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் அறிவிப்புச் செய்ய வேண்டும். அதை என் மனைவியே வாசிக்கட்டும். என் பெயரை, பட்டப்பெயரோடு, அவளே சொல்லட்டும். பழைய செட் வேண்டாம், இந்தச் செட்டிலேயே சொல்லட்டும், ஊருக்கு நன்றாகக் கேட்கும். ஒயரை மட்டும் நான்தான் மாட்டுவேன், வேறு யாரும் தொடக் கூடாது.

எழுதியதை அதிகாரி முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். நடந்தது நடந்தபடி இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. நான் அவன் என்று சொன்ன இடமெல்லாம் அவர் என்று இருப்பதைக் காட்டி, உங்கள் வாக்குமூலம், வேண்டுமானால் நீங்கள் சொன்னபடியே மாற்றிவிடலாம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

(கையொப்பம்)