கையெழுத்துப் போட்டவருக்கு வேட்டி துண்டு

"...மின்கம்பி உதவியாளராம் தாயி, உதவியாளரு! இருபத்தாறு வருசமா ஊரு பூராவும் வயரு இழுத்த மனுசன், இன்னைக்குப் பரீட்சையில பாஸானாக்கூட உதவியாளருதானாம். யாருக்கு உதவியாளரு? வீட்டுல ஒரு நாளு ஒரு கொடம் தண்ணி எடுத்துக் குடுத்து எனக்கு ஒத்தாச பண்ணதில்ல. அவுகளப் போயி கவர்மெண்டு உதவியாளருங்குது!"

மலையம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டாள். காரைக்குடித் தொழிற்பயிற்சி நிலையத்து வேப்பமரத்தடியில், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பட்டறையில் அவள் வீட்டுக்காரர் சேவுகப்பெருமாள், நாற்பத்தொன்பது வயதில், செய்முறைத் தேர்வுக்குப் போயிருந்தார். பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெண், தேர்வுக்கு வந்த தம்பிக்குக் காவல். எந்த ஊர் என்று மலையம்மாள் கேட்டதற்கு "புதுவயல்" என்றாள். அதன்பிறகு அரை மணி நேரமாக அவள் வாய் திறக்க வாய்ப்பே வரவில்லை.

"எங்க கீழச்சிவல்பட்டிக்கு வந்து பாரு. அங்க இருக்குறதெல்லாம் வீடா? வாசக்கதவுல நின்னு கூப்பிட்டா பின்கட்டுல கேக்காது. ஆணி எறங்காத சுவரு. அதுல ஒரு கீறல் விழுகாம வயரு கொண்டு போயிருவாக இவுக. இங்குட்டு சுவிச்சப் போட்டா அங்குட்டு லைட்டு எரியும். இத்தனையும் செஞ்சு என்ன? கரண்டு ஆபீசுல இவுக கையெழுத்து செல்லாதுல்ல! புது கனெக்சனா, லைசென்ஸ் காண்ட்ராக்டரு கையெழுத்து. த்ரீ பேஸா, அதுக்கும் அவுக கையெழுத்து. எங்களுக்குப் போட்டுக் குடுக்குறது ஞானமணி அண்ணன். இந்தா, செக்காலைப் பக்கம் கடை வச்சிருக்காரே, அவருதான்... இருக்கட்டும். அந்த ஆளாலதான் இவ்வளவும்."

அந்தப் பெண் கைப்பேசியை எடுத்தாள். மலையம்மாள் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தாள்.

"ஒங்க ஊருலதான் நடந்துச்சு. சத்தியமூர்த்தி வாத்தியாரு புது வீடு குடிபோனாகல்ல, தை மாசம்? என்னது, நீயும் வந்திருந்தியா? அப்ப ஒனக்கே தெரியும். சரி, தெரிஞ்சாலும் கேளு. அம்புட்டு பெரிய வீட்டுக்கும் வயரிங் யாரு? இவுக. ரெண்டு மாசம், பகல் சாப்பாடு நான் கட்டிக் குடுத்து விட்டது. அன்னைக்குச் சபையில கொத்தனாருக்கு வேட்டி துண்டு குடுத்தாக. ஆசாரிக்குக் குடுத்தாக. கரண்டு வேலைக்குன்னதும் ஞானமணியக் கூப்பிட்டு அவரு கையில குடுத்துட்டாக! எங்க வீட்டு மனுசன் பந்தியில ஃபேன் மாட்டிக்கிட்டு நிக்கிறாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'டெஸ்டரப் புடிக்கத் தெரியாத கைக்கு வேட்டி ஒரு கேடா, கையெழுத்த வித்துத் திங்கிற ஆளுக்கு'ன்னு... மெதுவாத்தான் தாயி சொன்னேன். மைக்கு பக்கத்துல இருந்துச்சு, அது என் தப்பா? அந்த மைக்குக்கும் இவுகதான் கனெக்சன் குடுத்தது. தெரு முனை வரைக்கும் கேட்டுச்சாமே. வேலைன்னா சுத்தம்னு சொன்னேன்ல?"

அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மலையம்மாளுக்கு உற்சாகம் கூடியது.

"சிரி, சிரி. எனக்குத்தான் சிரிப்பு வரல. அன்னையிலருந்து கையெழுத்து நின்னு போச்சு. வேலைக்குக் கூப்பிட வர்றவுக, 'கையெழுத்தோட சேத்து முடிச்சுக் குடுப்பீகளா'ன்னுதானே கேப்பாக? இல்லைன்னா அடுத்த ஆளத் தேடிப் போயிருவாக. ஏழு மாசமா இவுக வீட்டோட. மிக்சியக் கழட்டுறது, மாட்டுறது. திரும்பக் கழட்டுறது. ஒரு சொல்லு பேசுறதில்ல. வீட்டுல ஒரு ஆம்பள பேசாம உக்காந்திருந்தா எனக்கு எப்புடி இருக்கும் சொல்லு... என்ன கேக்குற? ஞானமணி மாட்டேன்னுட்டாரான்னா?"

இந்த இடத்தில் மலையம்மாளின் பேச்சு முதல் தடவையாகத் தடுக்கியது. சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"மாட்டேன்னு... அப்புடி ஒண்ணும் சொல்லல. இவுகதான் போகல. 'எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு கடைப் படி ஏறுவேன்'னாக. ஆனா நான் ஊருக்குள்ள அவருதான் நிப்பாட்டுனாருன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணு சொன்னா அதையே புடிச்சு நிக்கணும்ல?"

பட்டறைக்குள்ளிருந்து ஒரு எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஆள் இல்லை.

"அப்புறம் இந்தப் பரீட்சைக்குப் பேப்பருல போட்டாக. இந்த சர்டிபிகேட் இருந்தாத்தான் லைசென்ஸ்காரக முறையா வேலைக்கு வச்சுக்கிருவாக. அதுக்கு என்ன கேக்குறாக தெரியுமா? அஞ்சு வருசம் வேல செஞ்சாருன்னு ஒரு லைசென்ஸ் காண்ட்ராக்டரு எழுதிக் குடுக்கணுமாம்! சுத்திச் சுத்தி அதே ஆளுகிட்ட. வேற யாரும் எழுதித் தருவாகதான். 'செய்யாத எடத்துல செஞ்சேன்னு எழுதி வாங்கமாட்டேன்'னுட்டாக இவுக. அப்ப யாரு போறது? நாந்தான் போனேன். இவுகளுக்குத் தெரியாம, சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு."

குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கடையில அவரு மட்டும் இருந்தாரு. சண்டைக்குன்னு மனசுல ஒரு மூட்டை கட்டிக்கிட்டுத்தான் போனேன். 'வா தங்கச்சி, உக்காரு'ன்னாரு. சேதியச் சொன்னேன். ஒடனே எழுத ஆரம்பிச்சுட்டாரு. இருபத்தாறு வருசமும் வீடு வீடாப் பேரு சொல்லுறாரு. 'உங்களுக்கு எப்புடித் தெரியும், நீங்க கையெழுத்துத்தானே போட்டீக'ன்னேன். சும்மா இருப்பேனா? அப்பத்தான் மெல்லச் சொன்னாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் இவுக போன பெறகு தனியாப் போயி, மெகருன்னு ஒரு பெட்டி, வயருல கரண்டு கசியுதான்னு பாக்கக் கைப்பிடியச் சுத்துவாகல்ல, அத வச்சு அறை அறையாப் பாத்துட்டுத்தான் போடுவாராம். அந்த வாத்தியாரு வீட்டுலயும் பாத்திருக்காரு. மாடிக் குளியலறையில ஹீட்டருக்கு எர்த்து வயரு மாட்டாம விட்டுருக்காக. எங்க ஆளு! குடிபோறதுக்கு முத நாளு அண்ணன் தன் கையால மாட்டிட்டு வந்திருக்காரு. யாருகிட்டயும் மூச்சு விடல. 'இத்தன வருசத்துல அந்த ஒரு எடந்தான் தங்கச்சி விட்டாரு, நான் அதவிட அதிகமா விட்டிருக்கேன்'ங்குறாரு. வாத்தியாருக்குச் சின்னப் புள்ளைக ரெண்டு. குளிக்கப் போன புள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா... டெஸ்டர் புடிக்கத் தெரியாத கைன்னு நான் மைக்குல சொன்னேன்ல, அந்தக் கைதான் தாயி மாட்டுனது."

மலையம்மாள் மரத்தடியில் ஊர்ந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கெளம்புறப்ப, 'நீ கேட்டது ஞாயந்தான், அன்னைக்கு அந்த வேட்டிய நான் வாங்கியிருக்கக் கூடாது. பெருமாளக் கூப்பிட்டிருக்கணும்'னாரு. திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டிட்டு வந்திருப்பேன். இப்புடிச் சொன்னா ஒரு மனுசி என்னதான் பண்ணுறது? அதோட விட்டாரா? 'எட்டு வருசத்துக்கு முந்தியே இந்தப் பரீட்சைக்கு ஃபாரம் குடுத்து விட்டேனே, பெருமாளு ஏன் எழுதல'ங்குறாரு. ஃபாரம் வந்துச்சு தாயி. என் கையிலதான் வந்துச்சு. நாப்பத்தொரு வயசுல பரீட்சையா, பெயிலானா ஊரு சிரிக்குமேன்னு நாந்தான் கிழிச்சு அடுப்புல போட்டேன். அன்னைக்கே எழுதியிருந்தா, இந்நேரம் லைசென்ஸ் வரைக்குமே போயிருப்பாக. இது இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது. ஒங்கிட்டத்தான் மொதமொதல்ல..."

நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் யாரும் இல்லை. புதுவயல்காரி தம்பியோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள், நடையில் ஓட்டம் கலந்திருந்தது.

"சொல்லிட்டுப் போனா என்ன!" என்றாள் மலையம்மாள் வேப்பமரத்திடம்.

சேவுகப்பெருமாள் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எப்புடிச் செஞ்சீக என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் நிற்கவில்லை. "மாடிப்படி லைட்டு குடுத்தாக. கீழ ஒரு சுவிச்சு, மேல ஒரு சுவிச்சு. கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன். பக்கத்துல ஒரு பய... ஒரு தம்பி, எந்த வயரு எங்கன்னு எங்கிட்டயே கேக்குறான். கேள்வி கேக்குற சாரு, எர்த்து எதுக்குன்னாரு. கை வேலையத்தானே கேப்பாகன்னு இருந்தேன், வாயாலயும் கேட்டுட்டாரு. சொன்னேன் பாரு..."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. குன்றக்குடி வரும்வரை மலையம்மாள் வாய் திறந்தது கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க மட்டும்தான். எர்த்து என்ற சொல் வந்தபோதெல்லாம் வாத்தியார் வீட்டுக் குளியலறை நினைவுக்கு வந்தது. அதை ஞானமணி அண்ணனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் மற்றது அவள் சொல்ல வேண்டியது. அவர் மூச்சு விட்ட இடைவெளியில் சட்டென்று சொல்லிவிட்டாள், ஃபாரம் வந்ததையும் அடுப்பில் போட்டதையும், ஞானமணி கடையில் அதைப் பற்றிக் கேட்டதையும்.

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"அப்பவே அண்ணன் கேட்டாரு. அடுப்படியில கிழிஞ்ச துண்டும் கெடந்துச்சு. எனக்கும் பயந்தான். நீ கிழிச்சதும் வசதியாப் போச்சுன்னு, விருப்பமில்லன்னு சொல்லிட்டேன். அவரு மறந்திருப்பாரு போல."

"எட்டு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

சேவுகப்பெருமாள் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எங்குட்டுச் சொல்றது? நீ எடம் விட்டாத்தானே" என்றார். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பரீட்சையைத் தொடர்ந்தார்.