ஊசிப் பை

ஓடுகிறேன். படி தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் சைரன். அதற்கும் பின்னால் அருவி. தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. கல்லும் சுள்ளியும் உருளும் சத்தம். பெண்கள் பக்கம் முழுவதும் ஈரச் சேலையோடு ஓடுகிறது.

"மேல ஏறுங்கம்மா! தண்ணி ஆர்ச்சத் தாண்டிட்டு! ஏறுங்க!" அருவிக்கு முன்னால் கட்டிய வளைவைக் காட்டிப் பெண் போலீஸ் கத்துகிறார்.

காலை எட்டு ஐம்பது. கை நடுங்குகிறது. பயம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. சர்க்கரை இறங்குகிறது. பதினொரு வருடமாக இன்சுலின் போடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? என் கையைப் பிடித்து இழுப்பது செல்வி மதினி. அண்ணன் மனைவி. சர்க்கரை இறங்கவும் செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

ஏழு ஐந்துக்கு லாட்ஜில் சோதித்தேன். நூற்று முப்பத்தெட்டு. ஏழு பத்துக்கு ஊசி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்பது டாக்டர் கணக்கு. பத்து நிமிடக் குளியல், எதிர்க்கடையில் இட்லி என்பது என் கணக்கு. குற்றாலத்தில் யாரும் சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போவதில்லை. குளித்தால்தான் பசிக்கும், ஒரு பிடி பிடிக்கலாம். அன்று ஞாயிறு, நல்ல சாரல். வரிசையிலேயே ஒன்றரை மணி நேரம் போனது. பாதியில் விலக மனம் வரவில்லை. இடம் போய்விடுமே. பாழாய்ப்போன ஆசை.

முன்பெல்லாம் கையில் குளுக்கோஸ் வைத்திருப்பேன். "சுகர்காரி பையில இனிப்பா? நல்லாருக்கு கத" என்று ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் சிரித்தான். அதோடு விட்டேன். சர்க்கரை குறைந்தாலும் மயக்கம் வரும் என்று வீட்டில் யாருக்கும் விளக்கவில்லை. சொன்னால் வெளியே கூட்டிப்போக மாட்டார்கள்.

எட்டு ஐம்பத்தைந்து. மேல் படியில் விழுகிறேன். நாக்கு புரளவில்லை. மதினி தன் தோள்பையை என் தலைக்குக் கீழே வைக்கிறாள்.

"ஏட்டி கோமு! ஊசிப் பைய எங்கட்டி?"

கீழே, அருவிக்கரைக் கம்பியில் மாட்டியிருந்தேன். அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. சுகர்காரி மயங்கினால் ஊசி போட வேண்டும். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். வேண்டாம் மதினி, எனக்குச் சீனிதான் வேண்டும். சொல்லப் பார்க்கிறேன். வாய் திறக்கிறது. சத்தம் வரவில்லை.

போலீஸ் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அடியில் குனிந்து இறங்குகிறாள். விசில். மறுபடி விசில்.

"ஏம்மா, போவாதிய! திரும்புங்க!"

அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. மேல் படியருகே டீக்கடை வைத்திருந்த அக்கா சொல்லிக் கேட்டதுதான். "இது சுகர் எறங்குன மயக்கம். எங்க வீட்டுக்காரருக்கும் வரும். சீனிய எடுங்க!" என்று கத்தினாராம். கன்னத்துக்குள் சீனியைக் குழைத்துத் தடவினாராம். ஒன்பது பத்துக்குக் கண் விழித்தேன். சைரன் நிற்கவில்லை. மதினியைக் கேட்டேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணன் ஓடி வந்தான். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவன். எல்லையில் குண்டு விழும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவான். அன்று சைரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தான். மறுநாள் காலை ஆறு இருபதுக்குப் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே மதினி கிடைத்தாள். ஊசிப் பையின் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

இரண்டு வருடம் ஆகிறது. ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை விரலைக் குத்திப் பார்க்கிறேன். இலையில் சோறு வைத்த பிறகுதான் ஊசியைத் தொடுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமும் சொல்கிறேன். "நான் மயங்குனா சீனி குடுங்க. ஊசி வேண்டாம்." ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அண்ணன் சட்டைப்பையில் இப்போது எனக்காகக் கல்கண்டு இருக்கிறது. அவன் சிரிப்பதில்லை.

போனவை: செருப்பு இரண்டு ஜோடி, துண்டு இரண்டு, எண்ணெய்ப் பாட்டில் ஒன்று. சோதிக்கும் மெஷின் பைக்குள்ளேயே தண்ணீர் ஏறிச் செத்திருக்கும். ஊசிப் பை திரும்பி வந்தது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

என் தலைக்குக் கீழே இருந்த அவள் பையும் திரும்பி வந்தது. உள்ளே கருப்பட்டி மிட்டாய், அரைக் கிலோ. முந்தின நாள் தென்காசியில் மகள் பிள்ளைக்கு வாங்கியது. என் கண்ணில் படக்கூடாது என்று துணியில் சுற்றி அடியில் வைத்திருந்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

போனவர்: செல்வி மதினி. வயது நாற்பத்தொன்பது.