அளவுகோலைத் தொடாத கைகளுக்கு

எங்கள் கண்ணாடி நிலையத்தின் பரிசோதனை அறையில் முப்பத்தோராண்டுகள் முறை தவறாது அமர்ந்து, மங்கிய விழிகளுக்கெல்லாம் வழி சொல்லி, இன்று பணிநிறைவு பெற்று விடைபெறும் கண் பரிசோதகர் ஐயா அவர்களே! பொறுமையின் புகலிடமே! நுண்ணிய நோக்கும் நிதானமான நாவும் ஒருசேர வாய்த்த நல்லவரே! இந்த ‘நல்லவர்’ என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று மூன்று நாள் பேசினோம். கடைசியில் அடிக்காமல் விட்டோம்.

கண் வலிக்கிறது என்று வந்தவரிடம் கண்ணாடியை விற்காமல், “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பாக்கறீங்க?” என்று கேட்டவர் நீங்கள். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைப்பவரைக் கண்டால் உங்களுக்குப் பொறுக்காது. குழாயடிக்கு அழைத்துப் போய், தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றிக் காட்டி அனுப்புவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு வந்தவரைத் திட்டினீர்கள். நாற்பதைத் தாண்டியவரையெல்லாம் கண் அழுத்தம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் விரட்டினீர்கள். அழகுக்காகக் கனத்த ஃபிரேமைத் தேர்ந்தெடுத்த புதுமாப்பிள்ளையிடம், “கல்யாணம் ஒரு நாள், மூக்கு ஆயுசுக்கும்” என்று சொல்லி, லேசானதை மாட்டிவிட்டீர்கள். இவற்றில் எதுவும் மடலுக்காக இட்டுக்கட்டியதில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. இரு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சீட்டில் எழுத வேண்டும். லென்ஸின் மையம் அதைப் பார்த்துத்தான் அமையும். அதற்கான அளவுகோல் உங்கள் மேசையில் உறை பிரிக்காமல் கிடந்தது. முகத்தைப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவீர்கள். நாங்களும் பின்னால் அளந்து பார்த்து, சரியாக இருக்கவே, வாயைப் பிளந்து நின்றோம். புகழ்ந்து புகழ்ந்து உங்களைக் கெடுத்ததில் எங்களுக்கும் பங்குண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தையற்கார அம்மா வந்தார். ஊசியில் நூல் கோக்கவும் தெருவில் நடக்கவும் ஒரே கண்ணாடி கேட்டார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே வரும் அந்தக் கண்ணாடியில், அளவு பிசகினால் காலடியில் தரை மிதக்கும். அன்று நல்ல கூட்டம். நீங்கள் அறுபத்தாறு என்று எழுதினீர்கள். பதினான்கு வருடமாகப் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பொருத்திவந்த எங்கள் அக்கா அந்தச் சீட்டோடு உங்களிடம் வந்தார்.

“சார், அந்தம்மாவுக்குச் சின்ன முகம். அறுபத்தாறு வருமா? ஒரு தடவை அளந்துடுங்களேன்.”

“என் கண்ணு பொய் சொல்லாதும்மா. போய் வெட்டு.”

முன்மேசையில் இருந்த என் காதில் இரண்டும் விழுந்தன.

கண்ணாடி வாங்கிப் போன ஒன்பதாம் நாள், வலக்கையில் மாவுக்கட்டோடு அந்த அம்மா வந்தார். “படி எங்க முடியுதுன்னே தெரியலைங்க” என்று கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தைக்கிற கை அது. அளந்தபோது அறுபதுதான் வந்தது. முதலாளி சீட்டைக் கேட்டார்; கோப்பில் இல்லை. “நான் சரியாத்தான் எழுதினேன்” என்றீர்கள். வெட்டியதில்தான் பிசகு என்று முடிவாகி, மறுநாள் காலை அக்காவிடம் பின்னறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நாங்கள் ஆறு பேரும் தலையைக் குனிந்து, ஏற்கெனவே துடைத்த ஃபிரேம்களை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தோம். கேட்ட காதை வைத்துக்கொண்டு நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

அதன்பின் அக்கா மூன்று கண்ணாடிக் கடைகளில் ஏறி இறங்கினார். எல்லோரும் இங்கே விசாரித்தார்கள். இங்கிருந்து போன பதில் ஒன்றுதான். இப்போது ஒரு துணிக்கடை வாசலில், வெளியே போகிறவர்களின் பைகளைச் சரிபார்க்கிறார்.

சென்ற வாரம் உங்கள் அறையை ஒப்படைப்புக்காக ஒழித்தபோது, சோதனை லென்ஸ் பெட்டியின் அடித்துணிக்குக் கீழே நான்காய் மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. தையற்கார அம்மாவின் பெயர், உங்கள் எழுத்து, அறுபத்தாறு. ஐயா, அதை நீங்கள் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஊரார் கண்ணுக்கெல்லாம் அத்தனை பார்த்த உங்களால் இதை எப்படி இரண்டு வருடம் தினமும் பார்க்க முடிந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. உங்கள் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் கிழிக்காமல் வைத்திருந்த அந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுத எங்களுக்குக் கை வந்தது. இல்லாவிட்டால் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பியிருப்போம்.

இதை வாசிப்பதால் நாளை எங்கள் வேலை என்னவாகும் என்று தெரியாது. முதல் வரிசையில் இருக்கும் முதலாளிக்கும் இந்த நிமிடம்தான் எல்லாம் தெரிகிறது. சீட்டை முதலாளியிடம் காட்டி, அக்காவைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று முன்பே அக்காவிடம் சொன்னோம். “சீட்டு சொல்றது எனக்கு வேணாம். சார் வாயால சொல்லட்டும்” என்றார் அக்கா.

நீங்கள் நீடு வாழ வேண்டும். விழியில் புரை விழாமலும் விரல் நடுங்காமலும், பேரப்பிள்ளைகளின் முகங்களைத் தெளிவாகப் பார்த்தபடி பல்லாண்டு வாழ வேண்டும். கோபத்தோடு சொன்னாலும் மனதாரச் சொல்கிறோம்.

மடல் வாசித்து முடிந்ததும், வழக்கப்படி, உங்கள் ஏற்புரை. அக்கா வந்திருக்கிறார். கதவோரம், கடைசி நாற்காலி. உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

இப்படிக்கு,
நிலையப் பணியாளர்கள்

முன்மேசை, கணக்கு, விற்பனை இருவர், பழுது பார்ப்பவர், வாயிற்காவலர் ஆகிய அறுவர்: ஒப்பம்.

லென்ஸ் பொருத்துபவர்: ஏற்புரைக்குப் பின் ஒப்பமிட இடம் விடப்பட்டுள்ளது. அதுவரை இம்மடலுக்குச் சட்டமிடவில்லை.